சீட்டும் சிபாரிசும்

பண்டம் ஒன்றை வாங்குவதற்குக் கையில் பணம் இருந்தால் போதும். வாங்கிய பண்டம் பழுதென்று திருப்பிக் கொடுப்பதற்கோ கடைக்காரர் மதிக்கும் முகமும் வேண்டியிருக்கிறது. இதனை நாம் எந்த நூலிலும் படித்து அறியவில்லை. 2024ஆம் ஆண்டுத் தீபாவளியை ஒட்டி, ஹட்டன் நகரத்துக் கடையொன்றில் மலிவான ஒலிப்பெட்டி ஒன்றை வாங்கியே கற்றுக்கொண்டோம்.

தோட்டத்து மக்களுக்கு ஒலிப்பெட்டி எதற்கு, அந்தக் காசில் அரிசி வாங்கலாமே என்று கேட்போர் உண்டு. அவர்கள் லயத்தில் வாழ்ந்தவர்கள் அல்லர். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் இடையே ஒரு சுவர் மட்டுமே நின்ற எமது லயத்தில், எம் இளமைக் காலத்திலே ஒரு வீட்டு வானொலி ஆறு வீடுகளுக்குப் பாடியது. மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு, நனைந்த படங்குச் சாக்கை அவிழ்த்துப் போட்டு, அடுப்படியில் குந்தியிருக்கும் பெண்களுக்கு அந்த ஒரு மணி நேரப் பாட்டு உணவைப் போலவே தேவையாக இருந்தது. இன்று கைப்பேசி இல்லாத வீடு அரிது. ஆயினும் அதன் சன்னக் குரல் ஒருவர் காதுக்கே காணும். வீடு முழுவதும் கேட்க ஒரு பெட்டி வேண்டுமென்ற ஆசையிலே குற்றம் காண எவருக்கும் உரிமையில்லை.

நாம் வாங்கிய பெட்டியின் விலை 9,500 ரூபாய். நடுவில் ஒரு பெரிய பெட்டியும் இருபுறமும் இரு சிறிய பெட்டிகளும் கொண்டது. அட்டைப் பெட்டியின் மேல், கண்ணைப் பறிக்கும் சிவப்பெழுத்தில், 'பி.எம்.பி.ஓ. 2,000 வாற்று' என அச்சிட்டிருந்தது. எம்முடன் பணிபுரியும் பௌதிகவியல் ஆசிரியர் அதனைப் படித்து நகைத்தார். மின்சாரம் கொடுக்கும் சிறு கறுப்புக் கட்டியைத் திருப்பி எமக்குக் காட்டினார். அதிலே 12 வோல்ற்று, 2 அம்பியர் என்றிருந்தது. "பன்னிரண்டை இரண்டால் பெருக்குங்கள், சேர். இருபத்து நான்கு வாற்றுக்கு மேல் இது எங்கிருந்து இரண்டாயிரத்தைத் தரும்?" என்றார். ஒரு கணப்பொழுதின் உச்சத்தைக் கற்பனையாகக் கூட்டிச் சொல்லும் எண்ணே அந்த இரண்டாயிரம் என்றும், தொடர்ந்து தரக்கூடிய ஆற்றலை அளப்பதே நேர்மையான முறை என்றும் விளக்கினார். வீட்டு ஒலிக்கருவிகளின் ஆற்றலைப் புளுகி விற்பது புதிய தந்திரமன்று. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு இதனைக் கட்டுப்படுத்த 1974ஆம் ஆண்டிலேயே தனியாக ஒரு விதி வகுத்தது. ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் எமது சந்தைக்கு அதே புளுகு சிவப்பெழுத்தில் வந்து சேர்கிறது.

புளுகையும் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாம் நாள் இடப்பக்கப் பெட்டி ஊமையாயிற்று. நான்காம் நாள் அதனைத் தூக்கிக்கொண்டு கடைக்குச் சென்றோம்.

அங்கே எமக்கு முன்னே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். எமது பாடசாலையில் பத்தாந்தரத்தில் படிக்கும் மாணவன் ஒருவனின் தாய். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். அவர் கையிலும் அதே சிவப்பெழுத்துப் பெட்டி, அதே விலை, ஏறத்தாழ அதே பழுது. 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். ஏழு நாள் மலையேறினாலும் 9,450 ரூபாய்தான் தேறும்; பெட்டியின் விலைக்கு இன்னும் 50 ரூபாய் குறையும். ஊழியர் சேமலாப நிதிக்குக் கழியும் 8 வீதத்தை நாம் இதிலே கணக்கிடவில்லை.

கடைக்காரர் அவரைப் பார்க்காமலே பேசினார்: "சாமான் பாவிச்சாச்சு. சீட்டும் இல்லங்கிறீங்க. நாங்க என்ன செய்யிறது? போர்டப் பாருங்க."

சுவரிலே ஒரு பலகை தொங்கியது: 'விற்ற பொருட்கள் மீளப் பெறப்படமாட்டா.' அந்தத் தாய் பலகையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பெட்டியைத் தம் சாக்குப் பைக்குள் மீண்டும் வைக்கத் தொடங்கினார். அப்போதுதான் கடைக்காரரின் கண் எம்மீது விழுந்தது.

"வாங்க சேர்! என்ன, ஏதும் பிரச்சினையா?"

எமது பெட்டி உடனே மேசைக்கு ஏறியது, சோதிக்கப்பட்டது, ஐந்து நிமிடத்தில் புதிய பெட்டி எம் கைக்கு வந்தது. இங்கு வாசகர்க்கு ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். எம்மிடமும் சீட்டு இல்லை. வாங்கிய அன்று கேட்க வெட்கப்பட்டுப் பேசாமல் வந்துவிட்டோம். எம்மிடம் எவரும் சீட்டும் கேட்கவில்லை, பலகையும் காட்டவில்லை.

அப்போது நாம் வாய் திறந்திருக்க வேண்டும். 'இவருக்கும் மாற்றிக் கொடுங்கள்' என்ற மூன்று சொற்களைச் சொல்லியிருக்க வேண்டும். நாம் சொல்லவில்லை. எமது காரியம் முடிந்த நிம்மதியில், கடைக்காரரோடு இரண்டு வார்த்தை சிரித்துப் பேசிவிட்டு வெளியேறினோம். நோர்வூட் பஸ்ஸில் அமர்ந்த பின்னரே மடியிலிருந்த பெட்டி கனக்கத் தொடங்கிற்று. வகுப்பறையில் சமத்துவத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேச எம்மால் முடிகிறது. கடையில் மூன்று சொல் பேச முடியவில்லை.

அன்றிரவு சட்டத்தைத் தேடிப் படித்தோம். விற்கும் பண்டம் விற்பனைக்குரிய தரத்தில் இருக்க வேண்டுமென்ற நிபந்தனை, 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. வாங்குபவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுத்தாக வேண்டும். பண்டம் பழுதாயின், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் அதிகாரசபைக்கு முறையிடலாம். விசாரணையில் குற்றம் புலப்பட்டால், நட்டஈடு கொடுக்கவோ, பண்டத்தை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ அச்சபை கட்டளையிடலாம். இந்தியாவின் 2019ஆம் ஆண்டுச் சட்டமோ, சீட்டிலே காலவரை குறிக்கப்படாதவிடத்து, பழுதான பண்டத்தை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்க மறுப்பதை முறையற்ற வாணிபம் என்றே வரையறுக்கிறது.

வாங்கிய பின் மனம் மாறியவர்க்கெல்லாம் வியாபாரி பணத்தைத் திருப்பித் தர வேண்டுமென்று நாம் வாதிடவில்லை. பாடாத பெட்டியைப் பாடும் பெட்டி என்று விற்றவர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பதே வழக்கு. அந்தப் பொறுப்பை ஒரு மரப்பலகையால் துடைத்துவிட முடியாது.

மறுநாள் மாலை அந்தத் தாயின் வீட்டுக்குச் சென்றோம். முறைப்பாட்டை நாமே எழுதித் தருவதாகவும், கையொப்பமிட்டால் தபாலில் சேர்ப்பதாகவும் கூறினோம். அவர் தேநீர் தந்து அமைதியாகக் கேட்டார். பின்னர் சொன்னார்:

"வேணாம் சேர். அந்தக் கடையிலதான் ரைஸ் குக்கரும் மகனுக்குப் போனும் தவணைக்கு எடுத்திருக்கேன். இன்னும் மூணு தவணை நிக்குது. ஒரு மாசம் பிந்தினாலும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. பெட்டிசம் போட்டா நாளைக்கு யாரு எனக்குக் கடன் தருவா? அதுவும் விசாரணைன்னு ஒரு நாள் போனா அன்னைக்குப் பேர் விழாதே."

எம்மிடம் விடையில்லை. சட்டத்தை நாம் படித்திருந்தோம். கடனை அவர் படித்திருந்தார்.

மலையக வரலாற்றில் 'துண்டு' என்று ஒரு சொல் உண்டு. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளி கடனோடுதான் தோட்டத்துக்குள் நுழைந்தான். வழிச்செலவும் அரிசியும் கங்காணியின் கணக்கிலே கடனாக ஏறின. வேறொரு தோட்டத்துக்கு மாற வேண்டுமாயின், இன்ன தொகையைச் செலுத்தினால் இத்தனை பேரை விடுவிப்போம் என்று துரை எழுதும் துண்டு வேண்டும். புதிய தோட்டம் பழைய கடனைத் தீர்க்கும். தீர்த்த தொகை மீண்டும் தொழிலாளியின் தலையிலேயே ஏறும். 1921ஆம் ஆண்டில் அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. துண்டு ஒழிந்தது, கடனுக்காக வாய்மூடும் வழக்கம் ஒழியவில்லை. அன்று கடன் தொழிலாளியைத் தோட்டத்தோடு கட்டியது. இன்று தவணை அவரைக் கடையோடு கட்டுகிறது.

மற்றொன்றும் எமக்குத் தோன்றியது. கடையில் தரும் சீட்டுக்கு நாம் வழங்கும் பெயர் பற்றுச்சீட்டு. எமது தோட்டத்து முதியோர்க்கோ 'பத்துச்சீட்டு' என்றால் வேலையிலிருந்து நீக்கித் தோட்டத்தைவிட்டு வெளியேற்றும் சீட்டு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் பரம்பரையை நிரூபிக்கும் தாளில்லை என்று நாடற்றவர் ஆக்கப்பட்டதும் இதே மக்கள்தாம். சீட்டு வந்தால் வெளியேற்றம், சீட்டு இல்லாவிட்டால் உரிமையிழப்பு என்று தலைமுறைகளாகக் கண்டவர்கள், மேசைக்கு முன் நின்று 'எனக்கொரு சீட்டுத் தாருங்கள்' எனத் தயங்காமல் கேட்பார்களென எதிர்பார்ப்பது எங்ஙனம்?

இறுதியில் நாம் செய்தது இதுதான். அவருடைய பெட்டியை வாங்கிக்கொண்டு நாமே கடைக்குப் போனோம். கடைக்காரர் சற்றுத் தயங்கினார். புறக்கோட்டை மொத்த வியாபாரி பழுதான பெட்டிகளைத் தம்மிடமிருந்து திரும்ப எடுப்பதில்லை என்றும், ஒவ்வொரு பெட்டியின் நட்டமும் தம் கையைக் கடிப்பதாகவும் முறையிட்டார். அவர் கூற்றில் பொய்யிருப்பதாக நாம் கருதவில்லை. மேலிருப்பவன் தள்ளிவிடும் நட்டத்தைக் கீழிருப்பவன் தலையில் இறக்குவதே இச்சந்தையின் நியதி; அதன் கடைசிப் படியில் நிற்பவர் அந்தக் கொழுந்துக்காரி. பின்னர் கடைக்காரர் சொன்னார்: "சேர் வந்து கேட்டதால மாத்தித் தாரேன்."

பெட்டி மாற்றப்பட்டது. அந்தத் தாய் எம்மைக் கையெடுத்துக் கும்பிட்டார். "சேராலதான் கிடைச்சுது" என்றார்.

அந்தச் சொல் எம்மைச் சுட்டது. அவருக்குரிய உரிமை எமது தயவாக உருமாறியே அவர் கையை அடைந்தது. துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே நின்று, கிடைக்க வேண்டியதைச் சிபாரிசாக வாங்கிக் கொடுத்து, அதற்கு நன்றியும் பெற்றவனை நாம் வரலாற்றிலே கங்காணி என்று படித்திருக்கிறோம். கூலி வாங்காத கங்காணியும் கங்காணியே. படித்தவர் துணைக்கு வந்தால்தான் நீதி கிடைக்கும் என்ற எண்ணத்தை அன்று நாம் ஒரு வீட்டில் மேலும் ஆழமாக ஊன்றிவிட்டு வந்தோம்.

1962 மார்ச் 15ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி கென்னடி காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியில் பாவனையாளர்க்கு நான்கு உரிமைகளைக் குறித்தார்: பாதுகாப்பு, உண்மையை அறிதல், தெரிவு செய்தல், செவிமடுக்கப்படுதல். முதலாளித்துவத்தின் தலைமை நாடே ஏட்டளவில் ஒப்புக்கொண்ட இவற்றுள், நான்காவதே எம் மக்களுக்கு மிக அரிதாக இருக்கிறது. தனியொருவர் குரலைக் கடை கேளாது. அவர் கடனாளியும் ஆயின், அவரே தம் குரலை அடக்கிக்கொள்வார். ஒரு லயத்தில் பத்துப் பேர் பழுதான பெட்டியோடு ஒன்றாகச் சென்றால், ஒரே முறைப்பாட்டில் பத்துக் கையொப்பம் விழுந்தால், எவருடைய தவணையை எவர் நிறுத்துவது? சம்பளத்துக்காகப் பேசும் தொழிற்சங்கங்கள், அந்தச் சம்பளம் நகரத்துக் கடைகளில் எப்படிக் கரைகிறது என்பதையும் தம் அலுவலாகக் கொள்ள வேண்டும். ஆசிரியர்கள் சிபாரிசு செய்வதை நிறுத்திவிட்டு எழுதக் கற்பிக்க வேண்டும்.

அவ்வாரமே பத்தாந்தரத் தமிழ்ப் பாடத்தில் கடிதம் எழுதும் பயிற்சி வந்தது. 'சுற்றுலாச் சென்றதை நண்பனுக்கு எழுதுக' என்பதை ஒத்திவைத்து, பழுதான பொருள் பற்றி அதிகாரசபைக்கு முறைப்பாடு எழுதச் சொன்னோம். வாங்கிய திகதி, விலை, பழுது, கேட்கும் பரிகாரம் ஆகிய நான்கும் இருக்க வேண்டும் என்றோம். இனிமேல் எதை வாங்கினாலும் சீட்டுக் கேட்கவேண்டும் என்றும் கூறினோம். முப்பத்திரண்டு கடிதங்கள் வந்தன. அந்தத் தாயின் மகன் எழுதியதில் எழுத்துப் பிழைகள் பல. ஆனால் கேட்கவேண்டியதைத் தெளிவாகக் கேட்டிருந்தான். எங்கும் 'தயவுசெய்து இரங்கி' என்று எழுதவில்லை.

சில நாட்களின் பின் அவன் ஒரு சிறு தாளை எம்மிடம் நீட்டினான். கொப்பி ஒன்று வாங்கியதற்கான சீட்டு.

"ஒரு கொப்பிக்குமா சீட்டுன்னு கடைக்காரர் சிரிச்சாரு, சேர்," என்றான்.

"நீ என்ன சொன்னாய்?"

"ஒண்ணும் சொல்லல்ல. எழுதித் தரும் வரைக்கும் அங்கேயே நின்னேன்."