இதயங்களை எழுப்பினோமா?

திருத்தணி மலைக்கோயிலின் படிகள் 365. ஓராண்டின் நாள்களை அவை குறிப்பதாகக் கூறுவர். இறைவனை நாடும் நெஞ்சம் திருவிழா நாளில் மட்டுமன்றி, நாள்தோறும் ஒரு படி ஏறவேண்டும் என்று அப்படிகள் நமக்கும் உணர்த்துவதுண்டு. அங்கிருந்து ஆந்திர எல்லைப் பக்கமாகச் சென்றால் வருவது பொதட்டூர்பேட்டை. நெசவாளர் வாழும் ஊர். தெருவில் நுழைந்ததுமே விசைத்தறியின் ஓசை நம்மை எதிர்கொள்ளும்.

சில ஆண்டுகளுக்கு முன், அவ்வூரில் தறி ஓட்டிப் பிழைக்கும் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தோம். அவ்வீட்டுத் தாயார் ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருபவர். ஆயினும் சில வாரங்களாக நற்கருணை உட்கொள்ளாமல் பின்வரிசையிலேயே இருந்துவிட்டார். காரணம் வினவினோம். அவர் கூறியது ஒப்புரவு அருட்சாதனத்தில் அன்று, வீட்டுத் திண்ணையில். பிறருக்குப் பயன்படுமானால் எழுதலாம் என்று அவரே இசைவும் தந்தார்.

“சாமி, பூசையிலே இதயத்தை மேலே எழுப்பச் சொல்றீங்க. எழுப்பியிருக்கோம்னு நாங்களும் சொல்றோம். ஆனா என் மனசு அப்போ தறிகிட்ட இருக்குது, கூலி பாக்கியிலே இருக்குது. கோயில்ல நின்னு பொய் சொல்லிட்டு எப்படி சாமி நன்மை வாங்கறது?”

நமக்கு உடனே மறுமொழி வரவில்லை. ஏனெனில், முந்தைய ஞாயிறு அதே அழைப்பை விடுத்தபோது நம் உள்ளம் ஆலயக் கூரையைப் பழுதுபார்க்கும் கணக்கில் ஆழ்ந்திருந்தது. அவராவது மறுமொழி சொல்லத் தயங்கினார். நாமோ தயக்கமேயின்றி அழைத்திருந்தோம்.

குருமடத்தில் கற்றவை நினைவுக்கு வந்தன. இவ்வழைப்பை மூன்றாம் நூற்றாண்டிலேயே கார்த்தேஜ் நகர் ஆயர் புனித சிப்ரியன் குறிப்பிடுகிறார். மன்றாடும் வேளையில் ஆண்டவரைத் தவிர வேறெதையும் எண்ணலாகாது என்பதே அதன் பொருள் என்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமா அக்குவினாசோ மனித மனத்தின் வலுவின்மையையும் கணக்கில் கொள்கிறார். தொடக்கத்தில் கொண்ட நல்நோக்கமே செபத்திற்குப் பலனளிக்கும். விரும்பாமல் வரும் பராக்கினால் செபத்தின் இனிமை குன்றலாம், பலன் அழியாது. வேண்டுமென்றே மனத்தை அலையவிடுவதே பாவம் என்பது அவர் போதனை. இதை எடுத்துரைத்தோம். அம்மையார் தலையசைத்தார், முகம் தெளியவில்லை.

பிறகு அவர் வேலைக்குத் திரும்ப, நாமும் தறியருகே நின்றோம். பாவில் ஓர் இழை அறுந்தது. தறியை நிறுத்தி, இழையை முடிந்து, மீண்டும் ஓடவிட்டார். நாளைக்கு எத்தனை முறை இப்படி என்று கேட்டோம். “அதை யார் எண்றாங்க சாமி? அறுந்தா முடிஞ்சி விடறதுதான். பார்க்காம விட்டாத்தான் துணி நெடுகக் குறை ஓடும்” என்றவர், சட்டென நிமிர்ந்து நம்மை நோக்கினார். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

எனினும் ஒன்றைக் கூடுதலாகச் சொன்னோம். 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டின் 34-ஆம் எண், பொதுநிலையினரின் அன்றாட உழைப்பும் இல்லற வாழ்வும் பொறுமையோடு ஏற்கும் துன்பங்களும் தூய ஆவியில் நிறைவேறும்போது ஆன்மீகப் பலிகளாகி, திருப்பலியில் ஆண்டவரின் திருவுடலோடு ஒப்புக்கொடுக்கப்படுகின்றன என்று கற்பிக்கிறது. அப்படியானால் தறியும் கூலி பாக்கியும் வாசலில் விட்டுவர வேண்டியவை அல்ல. பராக்கு என்று அவர் அஞ்சியதே அவர் கொண்டுவந்த காணிக்கை. அதை அப்பத் தட்டில் வைக்கத்தான் மறந்திருந்தார். இதயத்தை எழுப்புவது என்பது, அதில் உள்ளவற்றைக் கீழே கொட்டிவிட்டு வெறும் இதயத்தை உயர்த்துவதன்று, உள்ளவற்றோடு உயர்த்துவது.

அடுத்த ஞாயிறு அவர் நன்மை வாங்க வரிசையில் வந்து நின்றார். நாமும் அன்று முதல், அவ்வழைப்பை விடுக்குமுன் ஒரு நொடி நின்று, அதை முதலில் நமக்கே கூறிக்கொள்கிறோம். சில நாள் உள்ளம் எழுகிறது. சில நாள் பாதியிலேயே இழை அறுகிறது.

அன்பர்களே, அடுப்படியிலும் அலுவலகத்திலும் வயல்வெளியிலும் நம் மனம் நாளெல்லாம் அலைகிறது. அலைவதைக் கண்டு சோர்ந்து திருப்பந்தியை விட்டு விலக வேண்டாம். அறுந்ததைக் கவனியாமலும் இருந்துவிட வேண்டாம். கண்டவுடன் முடிந்துகொள்வோம். நம் இதயத்தைக் கேட்கும் இறைவன், அதில் எத்தனை முடிச்சுகள் உள்ளன என்று எண்ணிக்கொண்டிருப்பவர் அல்லர்.