கைக்கு ஏற்ற கிட்டார், அறைக்கு ஏற்ற ஆம்ப்

கிட்டார் வாங்கப் போகிறவர் முதலில் பிராண்டைப் பார்க்கிறார், அடுத்து விலையை, பிறகு அதை எந்த மேதை வாசித்தார் என்பதை. தன் விரலுக்கும் தோளுக்கும் ஒத்துவருமா என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்கிறேன். வாத்தியம் பயிற்சியால்தான் வசப்படும். எடுத்தாலே வலிக்கும் கிட்டாரை எத்தனை உறுதியான மனமும் நாளடைவில் மூலையில் சாத்திவிடும். வாசிக்கச் சுகமாக இருப்பது சொகுசு அல்ல, அடிப்படைத் தகுதி.

இதைத் தொழில்முறைக் கலைஞர்களே வற்புறுத்தியிருக்கிறார்கள். லியோ ஃபெண்டரின் டெலிகாஸ்டர் விளிம்பு விலாவிலும் முன்கையிலும் குத்துகிறது என்று அவர்கள் குறைப்பட்டார்கள். 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அவருடைய நிறுவனம் வயிறு படும் இடத்தையும் கை சாயும் இடத்தையும் செதுக்கிக் கொடுத்தது. தந்தியின் நீளமும் கவனிக்க வேண்டியது. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அது 25.5 அங்குலம், கிப்ஸன் லெஸ் பாலில் சுமார் 24.75. முக்கால் அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் அதே தந்தியை அதே சுருதிக்கு முறுக்கினால், லெஸ் பாலில் இழுவிசை ஏறத்தாழ 6 சதவீதம் குறைகிறது. ஃபிரெட்டுகளும் சற்று நெருங்கி வருவதால் சிறிய கைக்கு அது இதம். அதே லெஸ் பால் பெரும்பாலும் 4 கிலோவைத் தாண்டும் என்பதால், நின்று வாசிப்பவரின் தோள் வேறு தீர்ப்புச் சொல்லக்கூடும்.

விரல் வலிக்காமல் யார் கிட்டார் கற்றார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நுனித்தோல் காய்த்துப்போகும் வரை எரிச்சல் இருக்கத்தான் செய்யும். சில வாரங்களில் அது போய்விடும். மணிக்கட்டிலும் கட்டைவிரல் மூட்டிலும் வரும் வலி அப்படிப்பட்டதல்ல, அது எச்சரிக்கை. எஃப் கார்டு பிடிக்க வரவில்லை என்று மனம் உடைகிறவர்கள் ஒரு சோதனை செய்யலாம். முதல் ஃபிரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, அதே வடிவத்தை ஒரு ஃபிரெட் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். சட்டென்று எளிதாகிவிட்டால், பெரும்பாலும் குற்றம் விரலில் இல்லை, தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும், உயரமாக விடப்பட்ட நட்டில் இருக்கிறது. நல்ல மெக்கானிக் அதை இழைத்துச் சரிசெய்துவிடுவார். கனமான நாதத்துக்குத் தடித்த தந்தி வேண்டும் என்பது இன்னொரு வாதம். ஸ்டீவி ரே வான் தடித்த 13 கேஜ் தந்தியில் வாசித்தார்; ஆனால் சுருதியை அரை ஸ்வரம் இறக்கி வைத்துக்கொண்டார். பில்லி கிப்பன்ஸ் மெல்லிய 7 கேஜில் வாசிப்பவர். அவருடைய நாதம் மெலிந்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருவரும் தத்தம் கைக்கு ஏற்றதைத்தான் தேர்ந்தார்கள்.

ஆம்ப் விஷயத்தில் சுகம் என்பது காதைப் பொறுத்தது. 100 வாட் ஆம்ப் 10 வாட்டைவிடப் பத்து மடங்கு சத்தம் போடாது. காதுக்குச் சுமார் இரண்டு மடங்காகத்தான் கேட்கும். வால்வ் ஆம்பின் இனிமையான கரகரப்பு அதை ஏற்றி வைத்தால்தான் வரும். வீட்டு அறையில் 50 வாட்டை ஏற்ற வழியில்லை, 5 வாட்டை ஓரளவு ஏற்றலாம். எரிக் கிளாப்டன் 1970-இல் ‘லைலா’ ஆல்பத்துக்குச் சிறிய ஃபெண்டர் சேம்ப்பைப் பயன்படுத்தினார். டிரம்ஸோடு வாசித்தால் சின்ன ஆம்ப் அமுங்கிப்போகாதா? போகும், தெளிந்த ஒலியே வேண்டும் என்பவருக்கு மேடையில் கூடுதல் வாட் தேவைதான். ஆனால் மைக் வைத்த மேடையில் அந்தத் தேவை பெரிதும் குறைகிறது. காதுக்கும் ஓர் எல்லை உண்டு. 85 டெசிபல் ஒலியை நாளுக்கு 8 மணி நேரம் தாங்கலாம் என்பது பணியிடப் பாதுகாப்புக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 94-ஐத் தொட்டால் ஒரு மணி நேரம்தான். அழிந்த உட்செவி மயிரணுக்கள் திரும்ப முளைப்பதில்லை.

ஆகவே, கையில் இருக்கும் பணத்தை முழுவதும் பெயருக்குக் கொடுத்துவிடாமல், கிட்டாரைக் கைக்கு ஏற்பச் சீர்செய்யும் செட்-அப்புக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தும் நின்றும் வாசித்துப் பாருங்கள். உடம்பு மறுக்கும் வாத்தியத்தை எந்தப் புகழும் வாசிக்க வைக்காது. உடம்பு ஏற்றுக்கொண்ட எளிய கிட்டார் பல ஆண்டுகள் கூடவே வரும்.