இரண்டு அறைகள், ஒரு குரல்

காலமான ஐயாவின் குரல் பதிந்த பழைய ஒலிநாடாவைக் கணினிக்கு மாற்றியிருந்தேன். முன்னறையில் நாங்களும் உள்ளறையில் படுக்கையிலிருக்கும் அக்காவும் ஒரே நேரத்தில் கேட்கவேண்டும்.

உள்ளறையில் முதலில் புளூடூத் ஒலிபெருக்கியை வைத்து, மென்பொருளொன்றின் துணையுடன் இரண்டையும் இயக்கினேன். புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதித்தே வரும். ஐயா முன்னறையில் சொன்னதை உள்ளறையில் மறுபடியும் சொன்னார்.

“ஐயாவுக்குப் பழிப்புக் காட்டுறது ஆரடா?” என்றார் அக்கா.

பிறகு 3.5 மில்லிமீற்றர் துளையில் செருகும் இருகிளை வயரொன்று வாங்கிவந்தேன். (பத்திரிகைக்காரனுக்கு இதுவே பெரும் பொறியியல்!) இரு சோடி ஒலிபெருக்கிகளிலும் தனித்தனி அம்பிளிபயர் இருந்ததால் ஒலி குன்றவில்லை. தாமதமும் இல்லை.

அக்கா மூன்று தடவை கேட்டார். பின்னர், “நீயும் இஞ்ச வந்து இரு” என்றார்.