தேநீர் அறையின் சிறு வாயில்

தேநீர் அருந்த நமக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? பள்ளி மணி அடிப்பதற்குள் ஐந்தே நிமிடம் போதும். ஜப்பானியரின் தேநீர் வைபவமோ, விருந்துடன் முழுமையாக நடைபெறும்போது ஏறத்தாழ 4 மணி நேரம் நீடிக்கும். ஒரு கிண்ணத் தேநீருக்கு இத்தனை நேரமா என்று வியக்கிறோம் அல்லவா?

1191-ஆம் ஆண்டு சீனாவிலிருந்து நாடு திரும்பிய எய்சாய் என்ற பௌத்தத் துறவி, தேயிலை விதைகளைக் கொணர்ந்தார் என்பர். தியானத்தின்போது உறக்கம் வராதிருக்கத் துறவிகள் பருகிய அப்பானம், நாளடைவில் செல்வர்களின் ஆடம்பரமாயிற்று. 16-ஆம் நூற்றாண்டில் சென் நோ ரிக்யூ (1522–1591) என்ற பெரியார் அந்த ஆடம்பரத்தைக் களைந்தார். மண் சுவர், கூரை வேய்ந்த குடில், எளிய கிண்ணம் இவையே போதும் என்றார். இணக்கம், மரியாதை, தூய்மை, அமைதி ஆகிய நான்கும் இக்கலையின் தூண்கள்.

அவர் அமைத்த அறையின் வாயில் ஏறத்தாழ இரண்டடி உயரமே. குனிந்து, மண்டியிட்டுத்தான் உள்ளே நுழைய முடியும். மாவீரனாயினும் தன் வாளை வெளியே வைத்துவிட வேண்டும். உள்ளே உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்ற பேச்சில்லை. கரி அடுப்பில் நீர் கொதிக்கும் ஓசை மட்டுமே கேட்கும். விருந்தளிப்பவர் பாத்திரங்களைத் துடைத்து, பச்சைத் தேயிலைப் பொடியில் வெந்நீர் வார்த்து, சிறு மூங்கில் மத்தினால் கலக்கித் தருவார். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. ஆகவே முன்னதாக ஓர் இனிப்பு உண்டு. விருந்தினர் வணங்கி வாங்கி, கிண்ணத்தின் அழகிய முகப்பில் வாய் வைக்கலாகாதென்று அதைச் சற்றே சுழற்றிய பின்னரே பருகுவர். கெட்டித் தேநீராயின் ஒரே கிண்ணம்தான். ஒவ்வொருவரும் தாம் பருகிய இடத்தைத் துடைத்து அடுத்தவருக்கு அளிப்பர்.

ரிக்யூவின் தலைசிறந்த சீடர் எழுவருள் ஒருவர் தகயாமா உகோன் என்ற கிறிஸ்தவச் சிற்றரசர். அவர் தம் தேநீர்க் குடிலில் தனித்திருந்து செபிப்பது வழக்கம் என்று சேசு சபையைச் சேர்ந்த ரொட்ரிகஸ் எழுதி வைத்துள்ளார். 1587-இல் விசுவாசத்தைக் கைவிடுமாறு கட்டளை வந்தபோது, உகோன் தம் நாட்டையே துறந்தார். பின்னர் நாடு கடத்தப்பட்டு, 1615-இல் மணிலாவில் உயிர் நீத்தார். 2017-இல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது. வாளை வெளியே வைத்துக் குனிந்து பழகியவருக்கு, பதவியை இறக்கி வைப்பதும் கைவந்தது போலும்!

அன்புத் தோழியரே, நமக்குக் கோட்டையுமில்லை, வாளுமில்லை. ஆயினும் அவசரமும் அலட்சியமும் நம்மிடம் உண்டு. வீட்டில் அனைவருக்கும் தேநீர் கொடுத்துவிட்டு, ஆறிப்போன கடைசிக் குவளையை அடுப்படியில் நின்றபடியே குடிப்பவர் யார்? ஜப்பானிய விருந்தினர் தமக்காகப் பாடுபட்டவருக்குத் தலை வணங்குகிறார். நாம் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. நாளைக் காலை அம்மா நீட்டும் குவளையை இரு கைகளாலும் வாங்குவோம். ‘நீங்கள் குடித்தீர்களா அம்மா?’ என்று கேட்போம். அதற்கு நான்கு மணி நேரம் தேவையில்லை.