பொதிகை மலையும் மூலிகை தேடும் நெறியும்

பொதிகையில் பிறந்து வரும் தாமிரபரணி மலையை விட்டுச் சமவெளியில் அடியெடுத்து வைக்கும் இடத்தில் அமைந்திருக்கிறது பாபநாசம். உலகம்மையுடன் இங்கே எழுந்தருளியிருக்கும் பாபநாசநாதருக்கு முக்களாலிங்கர் என்ற திருநாமமும் உண்டு. தல விருட்சமாகிய களாமரத்தின் பெயரை இறைவனே தம் பெயராக ஏற்றிருக்கிறார். கயிலைத் திருமணத்தைக் காண இயலாமல் தென்திசை வந்த அகத்தியருக்கும் லோபாமுத்திரைக்கும் மணக்கோலம் காட்டியருளிய தலமும் இதுவே.

கோயிலுக்கு மேற்கே அடுக்கடுக்காக உயரும் மலைத்தொடரின் உச்சி, அகத்தியர் கூடம். தமிழகமும் கேரளமும் சந்திக்கும் எல்லையில் 1,868 மீட்டர் உயரத்தில் அது நிற்கிறது. கேரளத்தின் போனக்காட்டிலிருந்து வனத்துறையின் அனுமதியுடன் ஏறிச் செல்லும் அடியார்கள் உச்சியில் குறுமுனிவரின் சிலையைத் தரிசிக்கிறார்கள். இம்மலையைச் சூழ்ந்த வனப்பகுதியை யுனெஸ்கோ 2016ஆம் ஆண்டு உலக உயிர்க்கோளக் காப்பகங்களின் வரிசையில் சேர்த்தது. உயர்வகைத் தாவரங்கள் மட்டும் இங்கே 2,254 வகைகள். அவற்றுள் ஏறத்தாழ 400 வகைகள் இம்மலைப் பகுதிக்கே உரியவை.

சித்த மருத்துவத்தின் தந்தையென அகத்தியரைப் போற்றும் மரபில், மூலிகை பறிப்பதற்கென்று ஒரு முறை வகுக்கப்பட்டிருக்கிறது. செடிக்கு மஞ்சள் நூலால் காப்புக் கட்டிப் பூசை செய்து, சாப நிவர்த்தி மந்திரம் சொல்லி, அதனிடம் அனுமதி பெற்ற பிறகே கை வைக்க வேண்டும். கண்டதும் பறித்துவிடாதபடி கையைச் சற்றே நிறுத்தி வைப்பது அச்சடங்கின் பயன்.

தாவரவியல் அறிஞர்கள் காட்டில் பின்பற்றும் முறையும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. பூவும் காயும் உள்ள ஒரு சிறு கிளையை மட்டுமே அவர்கள் வெட்டுகிறார்கள். செடிகள் ஒன்றிரண்டே இருந்தால் படம் பிடித்துக்கொண்டு விலகுகிறார்கள். எடுத்த கிளையைப் பழைய செய்தித்தாள்களின் நடுவே விரித்து, பலகைகளுக்கிடையே வைத்து இறுக்கிக் கட்டுகிறார்கள். பூஞ்சணம் பிடிக்காதிருக்கத் தாள்களை அடிக்கடி மாற்றுகிறார்கள். உலர்ந்தால் பூவின் நிறம் மங்கிவிடும் என்பதால் நிறம், மணம், கண்ட இடம், உயரம், நாள், மலைமக்கள் வழங்கும் பெயர் ஆகியவற்றை அங்கேயே குறித்துக்கொள்கிறார்கள். குறிப்பில்லாத கிளை வெறும் சருகுதான். இவ்வாறு பதம் செய்யப்பட்ட மாதிரிகள் கோயம்புத்தூரில் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டலத் தொகுப்பகத்தில் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாக்கப்படுகின்றன. ஒருமுறை முறையாக எடுத்த ஒரு கிளை, பின்வரும் எத்தனையோ பேர் அதே செடியை மீண்டும் வெட்டாமல் காக்கிறது.

இந்த நெறி தவறினால் நேர்வது என்ன என்பதற்கும் இம்மலையே சான்று கூறுகிறது. 1865ஆம் ஆண்டு கர்னல் ட்ரூரி என்ற ஆங்கிலேயர் இங்கே ஓர் ஆர்க்கிட் செடியைக் கண்டார். காலணி போன்ற இதழும் பொன்மஞ்சள் நிறமும் நடுவே கருஞ்சிவப்புக் கோடும் கொண்ட பூ அது. செடிக்கு அவர் பெயரே வழங்கலாயிற்று. உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத அந்தச் செடியை, அழகுக்காக வளர்ப்போரின் ஆசைக்காக வேரோடு பெயர்த்தெடுத்தார்கள். காட்டுத்தீயும் சேர்ந்துகொண்டது. இன்று அது முற்றும் அழியும் விளிம்பில் உள்ள தாவரங்களுள் ஒன்று. அதைப் பறிப்பதையும் விற்பதையும் சட்டம் தடை செய்திருக்கிறது.

அதே மலை மற்றொரு வரலாற்றையும் தந்திருக்கிறது. 1987ஆம் ஆண்டு டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு இக்காடுகளில் ஏறியது. வழிகாட்டிகளாக வந்தவர்கள் காணிப் பழங்குடியினர். ஆய்வாளர்கள் களைத்துத் தளர்ந்தபோதும், ஒரு சிறு செடியின் காய்களை மென்றபடி காணிகள் சோர்வின்றி நடந்தார்கள். ஆரோக்கியப் பச்சை என்று பெயர் பெற்ற அச்செடியிலிருந்து, திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. அறிவைத் தந்தவர்களை நிறுவனம் மறக்கவில்லை. உரிமத் தொகையில் சரிபாதி காணிகளுக்கென ஒதுக்கப்பட்டது. அதைப் பெற 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. ஆனால் மருந்தின் புகழ் பரவியதும், காட்டிலிருந்து அச்செடியைத் திருட்டுத்தனமாகப் பிடுங்கிச் செல்வோரும் தோன்றினார்கள்.

ஆடி அமாவாசையில் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குத் திரளும் அன்பர்களின் வழியும் இக்காட்டினூடேதான் செல்கிறது. அகத்தியர் மலையின் செடி வீட்டில் இருந்தால் நலம் என்று எண்ணி ஒருவர் ஒரு வேரைப் பிடுங்கினால், அவரளவில் அது பக்திதான். ஆயிரம் பேர் அவ்வாறு செய்தால் சரிவு வெறுமையாகிவிடும். மலையில் வேர்விட்ட செடி பெரும்பாலும் நகரத்துத் தொட்டியில் பிழைப்பதுமில்லை. வீட்டு முற்றத்துக்குத் துளசியும் தூதுவளையும் ஆடாதொடையும் அருகிலுள்ள நாற்றுப்பண்ணையிலேயே கிடைக்கும். பொதிகையிலிருந்து கொண்டுவர அய்யனாரின் திருநீறு போதும்.