கர்னலுக்கு ஒரு துண்டுச்சீட்டு

லினக்ஸ் கர்னலை வட்டிலிருந்து எடுத்து நினைவகத்தில் வெச்சு, "இனி உன் பாடு"ன்னு கைகழுவிட்டுப் போறதுதான் க்ரப் மாதிரியான பூட் லோடரோட வேலை. போனா திரும்ப வராது. அப்போ, சொல்ல வேண்டியதை கர்னல்கிட்ட எப்படிச் சொல்லும்?

எங்க திருப்பனந்தாள் பக்கம் ராத்திரி வயலுக்குத் தண்ணி பாய்ச்சறவர், அடுத்து வர்றவருக்கு மோட்டார் கொட்டகையில் சீட்டு எழுதி செருகிட்டுப் போற மாதிரிதான். ஆளை ஆள் பார்க்க வேண்டாம், செருகற இடம் ரெண்டு பேருக்கும் தெரிஞ்சா போதும்.

இன்டெல் வகைப் பொட்டிகளில் அந்த இடம், கர்னல் கோப்போட தலைப்பகுதியில் ஹெக்ஸ் 228. அங்கே சீட்டு இருக்காது, சீட்டு இருக்கற நினைவக முகவரிதான் (32 பிட்) இருக்கும். சீட்டு ஒரே ஒரு வரி. அதிகபட்சம் 2048 பைட். ராஸ்பெர்ரி பை மாதிரி ஆர்ம் பலகைகளில் இதே வரி, டிவைஸ் ட்ரீங்கற வன்பொருள் பட்டியலுக்குள்ள 'பூட்ஆர்க்ஸ்'ங்கற பேரில் போகும்.

'ரூட்=' போட்டா மூல வட்டு எது, 'ஆர்ஓ' போட்டா முதலில் படிக்க மட்டும், 'கொயட்' போட்டா சத்தம் போடாதே. கர்னலுக்குப் புரியாத சொல்லை அது தூக்கி எறியாது. பெரும்பாலும் முதல் நிரலான இனிட்டுக்குத் தள்ளிவிடும்.

இதனால என்ன பிரயோஜனம்னு கேட்பீங்க :)

தமிழக அரசு 2011-ல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பிச்சதே, அதில் விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ், சென்னை சி-டாக்கில் உருவான டெபியன் வழி லினக்ஸ். சித்தி பொண்ணுகிட்ட அப்படி ஒண்ணு. பேட்டரி செத்து, சார்ஜர் தயவுல ஓடுது. தாத்தா கடைசியா சம்பா அறுப்புக்கு நின்ன படங்கள் லினக்ஸ் பக்கம் மாட்டிக்கிச்சு. அக்காவுக்கு கடவுச்சொல் மறந்து எத்தனையோ வருஷம்.

க்ரப் பட்டியலில் 'ஈ' விசை. 'லினக்ஸ்'னு தொடங்கற வரியில் 'ஆர்ஓ'வை 'ஆர்டபிள்யூ' ஆக்கி, கடைசியில் 'இனிட்=/பின்/பாஷ்' சேர்த்து, கன்ட்ரோல்-எக்ஸ். இனிட்டுக்குப் பதிலா பாஷ் எழுந்து வந்தது, கடவுச்சொல் கேட்காமலே, ரூட்டாக! 'பாஸ்வேர்ட்' கட்டளையைச் சுருக்கி 'பாஸ்டபிள்யூடி'ன்னு அடிச்சு, அக்கா பேரையும் கொடுத்து, புதுசு வெச்சாச்சு. சீட்டில் செஞ்ச திருத்தம் அந்த ஒரு தடவைக்குத்தான். அடுத்த பூட்டில் பழைய வரியே வந்துடும்.

தாத்தா படத்தைப் பார்த்து சித்தி ரொம்ப நேரம் பேசலை.

ஆனா ஒண்ணு மக்களே, எனக்குத் திறந்த கதவு திருடனுக்கும் திறக்கும். க்ரப்புக்குக் கடவுச்சொல் வெச்சா சீட்டைத் திருத்த முடியாது, ஆனா வட்டைக் கழட்டி வேற பொட்டியில் மாட்டினா அதுவும் போச்சு. வட்டையே மறையாக்கம் பண்ணினாத்தான் நிஜப் பூட்டு. அப்படிப் பண்ணிட்டு கடவுச்சொல்லை மறந்தா, எந்தச் சீட்டும் காப்பாத்தாது. அதனால படங்களுக்கு இன்னொரு பிரதி எடுத்து வெச்சுடுங்க.

உங்க பொட்டிக்கு இன்னிக்கு என்ன சீட்டு வந்ததுன்னு பார்க்கணுமா? '/ப்ராக்/சிஎம்டிலைன்' கோப்பைத் திறங்க. ஒரே வரிதான்.