தறியிலிருந்து ஏலகிரி ஏரிக்கு

ஆரணியில் பட்டு நெய்யும் குடும்பத்துக்கு விடுமுறை நாட்காட்டியில் இல்லை, பாவில் இருக்கிறது. ஒரு பாவு நெய்து முடிந்து, அடுத்த பாவு பிணைத்துத் தறியில் ஏறும்வரை கிடைக்கும் இரண்டொரு நாளே அவர்களுக்கு ஓய்வு. அந்த நாட்களும் முதலாளி வீட்டுக்குச் சேலை கொண்டுபோவதிலும், கூலிக் கணக்குப் பார்ப்பதிலும், ரேஷன் கடை வரிசையிலும் கரைந்துவிடும். இத்தகையோர் ஓர் ஏரிக்கரை ஊருக்கு உல்லாசப் பயணம் போய்வருவது எப்படி என்று நான் எழுதப் புகுவதைக் கண்டு சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். கைப்பணம் மிகுந்தவர்க்கு வழிகாட்டப் பலர் இருக்கிறார்கள். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு, ஒரு முழத்துக்கு அப்பால் கண்ணை ஓட்டாமல் ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருப்போர்க்கே இதை எழுதுகிறேன்.

இதற்குத் தூண்டுகோல் என் தம்பி. முப்பது ஆண்டுகளாக நெய்கிறான். சென்ற ஆண்டு அவனுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்த மருத்துவர், “நாள்தோறும் கொஞ்ச நேரமாவது தொலைவில் உள்ளதைப் பாருங்கள்” என்றார். “எங்கள் தெருவில் தொலைவு ஏது டாக்டர்? எதிர்வீட்டுத் திண்ணைதான்” என்றான் அவன். மருத்துவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த பாவு ஏறுவதற்குள் இவனைத் தொலைவு உள்ள ஓர் இடத்துக்கு அழைத்துச் செல்வது என்று அன்றே முடிவு செய்தேன்.

ஏரியும் மலையும் உள்ள ஊர் என்றதும் உதகையும் கொடைக்கானலுமே நினைவுக்கு வரும். அவை இரண்டும் நமக்குத் தொலைவு. ஓர் இரவுப் பயணமும் இரண்டு நாள் அறை வாடகையும் கேட்பவை. தனி வாகனத்தில் செல்வோர், உயர்நீதிமன்ற ஆணைப்படி, 2024 மே 7 முதல் அவ்விரு ஊர்களுக்கும் முன்னதாகவே இ-பாஸ் பெற்றுக்கொள்ள வேண்டும். ஏற்காடோ சேலத்துக்கும் அப்பால். ஆரணியாருக்குக் கைக்கெட்டும் ஏரி மலை ஏலகிரியே. முன்பு ஒரே வட ஆற்காடு மாவட்டமாக இருந்த நிலப்பரப்பில்தான் ஆரணியும் ஏலகிரியும் இருந்தன. இன்று நாம் திருவண்ணாமலை மாவட்டத்தார். ஏலகிரி 2019இல் உருவான திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மாவட்டங்கள் பிரிந்தனவே தவிர மலை நகரவில்லை.

பேருந்தில் செல்வோர் ஆரணியிலிருந்து கண்ணமங்கலம், கணியம்பாடி வழியாக வேலூர் அடைந்து, அங்கிருந்து ஆம்பூரைக் கடந்து வாணியம்பாடி சேர வேண்டும். வாணியம்பாடியிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் மலைக்குப் பேருந்துகள் உண்டு. இரயிலை விரும்புவோர்க்கு ஜோலார்பேட்டைச் சந்திப்பே அண்மை. மலையேறும் சாலை பொன்னேரியில் தொடங்குகிறது. சென்னைக்கு வடக்கே உள்ள பொன்னேரியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டா. பேருந்து மாறி மாறிப் போவதற்குக் குறைந்தது நான்கு மணி நேரமாவது ஒதுக்குங்கள். விடியுமுன் புறப்பட்டால் பத்து மணிக்குள் மலைமேல் இருக்கலாம். ஏறியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, மாலையில் இறங்கும் கடைசிப் பேருந்தின் நேரத்தை நடத்துநரிடமே கேட்டுக்கொள்வது. கடைக்காரர் சொல்லும் நேரமும் ஆட்டோக்காரர் சொல்லும் நேரமும் ஒன்றுக்கொன்று ஒவ்வா; ஆட்டோக்காரர் சொல்வதில் அவருடைய வாடகையும் கலந்திருக்கும்.

மலைப்பாதையில் பதினான்கு கொண்டைஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர், வள்ளல் ஆகியோரின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஔவையார், பாரி, பாரதியார் என்று பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே செல்லும் பிள்ளைகளுக்கு வாந்தி வருவதில்லை என்பது நான் கண்கூடாகக் கண்டது. பெரியவர்களுக்கு எலுமிச்சம்பழம் போதும்.

எப்போது செல்வது? இங்கேதான் நெசவாளர்க்கு ஒரு சிக்கல். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குழித்தறிக்குள் நீர் ஊறும். ஈரத்தில் பாவும் சொன்னபடி கேட்காது. தறி தானாகவே நிற்கும். கையில் நாள் இருக்கும், காசு இராது. மலையிலும் அப்போது மழையும் மூடுபனியுமாக ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. கோடை விடுமுறையிலோ கூட்டம் மிகுதி. அறை வாடகையும் ஏறிவிடும். ஏலகிரியின் உயரம் ஏறத்தாழ 1,100 மீட்டர்தான். கொடைக்கானலின் உயரத்தில் பாதி. சித்திரை வைகாசி நண்பகலில் அங்கும் வெயில் சுடும். கம்பளிச் சட்டை மூட்டை கட்டிப் போனவர்கள் அதைச் சுமந்தபடியே திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். பொங்கலுக்குப் பிந்திய தை, மாசி மாதங்களே நமக்கு ஏற்றவை. வானம் தெளிந்திருக்கும், விடியலில் நல்ல குளிர், விலையும் இறங்கியிருக்கும். நாங்கள் போனது தை மாதக் கடைசியில், ஒரு சனிக்கிழமை.

எங்களோடு அம்மாவும் வந்தார். புங்கனூர் ஏரியைக் கண்டதும் அவர் சொன்னது இது: “ஏன்டா, நம்ம ஊர்ப் பக்கம் இல்லாத ஏரியா? இதைப் பார்க்கவா ஆளுக்கு இவ்வளவு காசு?” அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தொண்டை மண்டலம் முழுவதுமே ஏரி நாடு. நம் முன்னோர் பாசனத்துக்காக ஊருக்கு ஓர் ஏரி வெட்டினர். புங்கனூர் ஏரியும் மனிதர் அமைத்ததே. கொடைக்கானல் ஏரி 1863இல் லெவிஞ்சு என்ற ஆங்கில அதிகாரி அமைத்தது. உதகை ஏரியும் சல்லிவன் காலத்துச் செயற்கை ஏரிதான். நம் ஏரியில் மடை உண்டு, வயல் உண்டு. மலை ஏரியில் படகு உண்டு, பஜ்ஜிக் கடை உண்டு. வேறுபாடு அவ்வளவே. ஆயினும் அம்மா படகில் ஏறினார். துடுப்புப் படகில் உட்கார்ந்து, கையை நீரில் விட்டபடி, அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. இழை முறுக்கியும் தார் சுற்றியும் தேய்ந்த அந்த விரல்கள் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததை நான் கண்டதில்லை.

படகுத்துறையை அடுத்துப் பூங்காவும், செயற்கை நீரூற்றும் உள்ளன. பிள்ளைகள் இல்லாதவர்கள் அவற்றை விட்டுவிடலாம். ஜலகாம்பாறை நீர்வீழ்ச்சி பற்றி எல்லாரும் சொல்வார்கள். அதற்குத் திருப்பத்தூர்ப் பக்கமாகச் செல்வதே எளிது. மழைக்குப் பின்னரே அங்கு நீர் இருக்கும். மாசியில் போய்ப் பாறையைப் பார்த்துத் திரும்புவதில் பயனில்லை.

கட்டாயம் செல்ல வேண்டிய இடம் சுவாமிமலை உச்சி. மங்கலம் என்னும் சிற்றூரிலிருந்து நடைவழி தொடங்குகிறது. காலை ஏழு மணிக்கு முன் ஏறத் தொடங்குங்கள். செருப்பன்று, காலைக் கவ்வும் காலணி வேண்டும். முழங்கால் நோவுள்ளவர்கள் ஏற வேண்டா. அம்மா அடிவாரத்துத் திண்ணை ஒன்றில் ஊர்ப் பெண்களோடு பேசிக்கொண்டிருந்தார். தம்பி உச்சியில் நெடுநேரம் நின்றான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, கிழக்கே பார்த்தான். “ஆரணி எந்தப் பக்கம் அண்ணா?” என்று கேட்டான். சவ்வாது மலையின் நீலத்தைக் காட்டி, அதற்கும் அப்பால் என்றேன். மலை மலையாக, மங்கிக்கொண்டே போகும் அந்த நீலங்களை அவன் எண்ணினான். சாயப் பட்டறையில் ஐந்து நீலம் கேட்டால் மூன்றுதான் சரியாக வரும், இங்கே ஏழு இருக்கிறது என்றான்.

தங்குமிடம் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாங்கள் தங்கிய விடுதியில் (பெயர் வேண்டா) தொலைபேசியில் ஒரு வாடகை சொல்லி, போய் இறங்கிய பின், வெந்நீருக்குத் தனி, நான்காவது ஆளுக்குத் தனி என்று கேட்டார்கள். இருட்டிய பின் வயது சென்ற தாயோடு வேறு இடம் தேட முடியாது, கொடுத்தோம். ஒரு சேலைக் கூலியில் கால் பங்கு அந்த இரவோடு போயிற்று. ஆகவே, வாடகை எவ்வளவு, அதில் எவையெல்லாம் அடங்கும் என்பதை முன்னரே எழுத்தில் வாங்குங்கள். கைப்பேசிச் செய்தியானாலும் போதும். பகலிலேயே போய் இறங்குங்கள். ஞாயிறன்று மலையில் இருப்போர்க்கு ஒன்று: சலேசிய சபையாரின் நிறுவனங்கள் ஏலகிரியில் உள்ளன, திருப்பலி நேரத்தைச் சனிக்கிழமையே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

வழிகாட்டி நூல்கள் இம்மலை மக்களைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கின்றன. இவர்கள் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். கேரள நாட்டினர் அல்லர். தமிழ் பேசும் மலைவாணர். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களிடையே வழிவழியாக வரும் செய்தி. காஞ்சிப் பட்டின் நிழலில் வாழும் ஆரணியாருக்கு இது சுவையான உறவு. அம்மாவோடு திண்ணையில் அமர்ந்திருந்த பெண்மணி அவருடைய சேலையைத் தொட்டுப் பார்த்து, “நீங்க நெய்யறதா, அம்மா?” என்று கேட்டாராம். அம்மா கட்டியிருந்தது நூல் சேலை. பட்டு நெய்கிறவர்கள் பட்டுக் கட்டுவதில்லை என்று அவர் விளக்க, பலாப்பழம் விற்கிற நாங்களும் நல்ல பழத்தைத் தின்பதில்லை என்றாராம் அந்தப் பெண்மணி. இருவரும் சிரித்திருக்கிறார்கள். நீங்கள் வாங்குவதை இயன்றவரை இவர்களிடமே வாங்குங்கள்: பருவத்தில் பலா, மற்றக் காலங்களில் தேன், புளி. பேரம் பேசும்போது, நம் சேலைக்கு வெளியூர் வணிகர் பேசும் பேரத்தைச் சற்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

குடிநீரை வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாத்திரத்தில் கொண்டுபோங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பைகளுக்கும் குவளைகளுக்கும் 2019 சனவரி முதல் தமிழகமெங்கும் தடை உண்டு. ஆனால் ஏரிக்கரையைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. இதில் நமக்கும் பங்குண்டு. நம் ஊரைத் தொட்டு ஓடும் கமண்டல நாக நதி சவ்வாது மலையில் பிறப்பது. மலையில் எறிவது மலையிலேயே தங்கிவிடுவதில்லை என்பதைச் சாயக்கழிவு பார்த்த ஊராருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

திரும்பும்போது வந்த வழியே வராமல், இன்னொரு வழியும் உண்டு. வாடகை வண்டி பிடித்தவர்களுக்கு அதுவே சிறந்தது. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகச் சவ்வாது மலை ஏறினால் காவலூர் வரும். அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986இல் நிறுவிய 2.3 மீட்டர்த் தொலைநோக்கி இருக்கிறது. பார்வையாளரை எந்த நாளில், எந்த நேரத்தில் அனுமதிப்பார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டறிந்து செல்லுங்கள். அதற்கப்பால் ஜமுனாமரத்தூர், அங்கே கோமுட்டேரி என்ற சிறிய ஏரியும் படகும் உண்டு. ஏலகிரியின் சந்தடி இல்லை. சாமை அரிசி நன்றாகக் கிடைக்கும். அங்கிருந்து போளூர் இறங்கி ஆரணி சேரலாம். சாலையில் வளைவுகள் மிகுதி. காட்டுப் பகுதியாதலால் இருட்டுமுன் போளூர் அடைந்துவிட வேண்டும். நாங்கள் கோமுட்டேரிக் கரையில் கட்டுச்சோற்றை அவிழ்த்தபோது மணி இரண்டு. தம்பி புளிச்சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்க்கரை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பிடு, வண்டிக்காரர் அவசரப்படுகிறார் என்று அம்மா இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.